மீட்டருக்கு எதற்கு முக்காடு?

கரண்ட் ரீடிங் எடுக்கும் வேலையில் முதல் எதிரி நாய் என்பார்கள். நம்பாதீர்கள், நாய் இரண்டு ரவுண்டில் பழகிவிடும். கேஸ் சிலிண்டரோ கொரியரோ, வீடு வீடாக ஏறி இறங்கிப் பிழைக்கும் யாராக இருந்தாலும் உங்களுக்கு ஒரு எதிரி இருப்பார். கும்மிடிப்பூண்டியிலும் ஆரம்பாக்கம் பக்கமும் பன்னிரண்டு வருடமாக ரீடிங் எடுக்கும் எனக்கு எதிரி, மீட்டர் மேல் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் கவர். அதில் ஒரே ஒரு கவரை அவிழ்க்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. எட்டுக் குடும்பம் அதனால் ஏமாந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கடையில் தடை, வீட்டில் தாராளம்

மழை பட்டால் மீட்டர் கெட்டுவிடும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. பால் கவர், பிரியாணிப் பை, தலைவர் சிரிக்கும் ஃப்ளெக்ஸ் பேனர் என்று கிடைத்ததை எல்லாம் சுற்றிவிடுவார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வராது, சூட்டில் கவர் உருகி ஒயரில் ஒட்டிக்கொள்ளும். இதை எத்தனை தடவை சொன்னாலும் தலையை ஆட்டுவார்கள், அடுத்த ரவுண்டில் கவர் இன்னும் கனமாக இருக்கும்.

பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர், பிளாஸ்டிக் பை கொடுத்து இரண்டு முறை அபராதம் கட்டியவர். இப்போது கடை வாசலில் ‘மஞ்சப்பை கொண்டு வாருங்கள்’ என்று போர்டு வைத்திருக்கிறார். அவர் வீட்டு மீட்டரில் ஆறு கேரி பேக் ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டியிருந்தது. “என்னண்ணே இது?” என்றேன். கொஞ்சமும் அசராமல் சொன்னார்: “கடையில தாம்மா கூடாதுன்னாங்கோ. மீட்டருக்கு இன்னும் சட்டம் வரலியே.”

நாலு யூனிட் அவசரம்

இரண்டு மாதத்தில் முதல் நூறு யூனிட் இலவசம். ஐந்நூறை ஒரு யூனிட் தாண்டினாலும், கீழிருக்கும் யூனிட்டுகளுக்கும் சேர்த்தே ரேட் ஏறும். ஆகவே ஐந்நூறை நெருங்கும் வீடுகளில் எனக்குக் கிடைக்கும் மரியாதையே தனி. மற்ற நாளில் கேட்டைத் திறக்காதவர்கள் மோர் கொண்டு வந்து தருவார்கள். அந்தக் கடைசி இரண்டு நாள் ஃபிரிட்ஜை நிறுத்தி, டிவியை நிறுத்தி, வீடே விரதம் இருக்கும்.

ரிட்டையர் ஆன ஒரு ஃபோர்மேன் போனிலேயே கூப்பிட்டுவிட்டார். வழக்கமான தேதிக்குத்தான் வருவேன் என்றேன். மனிதர் கெஞ்ச ஆரம்பித்துவிட்டார்: “நானூத்தித் தொண்ணூத்தாறு ஓடிக்கினு கீதும்மா, மாப்ள வேற வராரு, வந்ததும் ஏசியத்தான் போடுவாரு, அதுக்குள்ள வந்து எடுத்துக்கினு போயிடேன்.”

கஸ்தூரி நிறுத்திய ஃபேன்

ஆரம்பாக்கம் போகும் வழியில் ஒரு லைன் வீடு. எட்டு ரூம், எட்டுக்கும் சேர்த்து எங்கள் மின்வாரிய மீட்டர் ஒன்று. வீட்டுக்காரரை ஊரே நைனா என்றுதான் கூப்பிடும். ரூமுக்கு ரூம் அவராக ஒரு உள் மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வார். கடைசி ரூமில் கஸ்தூரி. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை, கையில் ஒரு வயதுப் பெண் குழந்தை.

சித்திரை மாதம், உச்சிவெயில். தண்ணீர் கேட்டு அவள் வாசலில் நின்றேன். உள்ளே ஃபேன் ஓடவில்லை. கரண்ட் இருக்கிறது, ஃபேனை நிறுத்தி வைத்திருக்கிறாள். குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு சிவந்து கிடக்க, அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். நூறு யூனிட்டுக்குள் வந்தால்தான் இலவசம், ஒன்று தாண்டினாலும் கிடையாது என்று நைனா சொல்லியிருக்கிறாராம். ஒவ்வொரு தடவையும் எப்படியாவது தாண்டிவிடுகிறதாம். ஃபோர்மேன் வீட்டு விரதத்தை இவளும் பிடித்திருக்கிறாள், பலன் மட்டும் இல்லை. அந்த நூறு ஒரு மீட்டருக்கு ஒரு முறைதான். அது நைனா கணக்கில் கழிந்து, அவர் பையிலேயே நின்றுவிடுகிறது. இவள் ஃபேனை நிறுத்தினாலும் சரி, ஓட்டினாலும் சரி, அந்த இலவசம் இவள் கைக்கு வராது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதே மீட்டரை எத்தனையோ வருடமாகப் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனவள் நான் என்பது அதைவிட உறுத்தியது. தனி வாசல், தனிச் சமையல் இருந்தால் தனி மீட்டர் வாங்கலாம், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அவள் உள் மீட்டரைக் காட்டினாள். “தொண்ணூத்தி மூணுதான் அக்கா ஓடிக்குது. இன்னும் இன்னாத்த நிறுத்தறது, சொல்லு.”

நைனாவின் ஃப்ளெக்ஸ்

நைனாவின் மீட்டர் மேல் முழுசாக ஒரு ஃப்ளெக்ஸ். கம்பியால் முறுக்கிக் கட்டியிருப்பார். நான் போனால் அவிழ்த்து, என் பக்கத்திலேயே நின்று, உடனே கட்டிவிடுவார். ஒவ்வொரு ரவுண்டும் எவ்வளவு பில் என்று நாங்கள் எழுதும் வெள்ளை அட்டையும் அதற்குள்ளேதான். ரூம்காரர்கள் எல்லாரும் ஷிஃப்டுக்குப் போயிருப்பார்கள், யாரும் பார்த்ததில்லை.

அந்த ரவுண்டில், கவரை எடுத்துவிட்டு, முன்பக்கம் திறந்த தகர மூடி நிரந்தரமாகப் போட்டால்தான் அடுத்த ரீடிங் என்றேன். மழை என்றார். மழைக்குத்தான் தகரம் என்றேன். இரண்டு மாதம் கழித்து அடுத்த ரவுண்டிலும் ஃப்ளெக்ஸ் அப்படியே இருந்தது. திங்கள் போனேன், செவ்வாய் போனேன், புதனும் போனேன். உருகி ஒயரில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைப் போட்டோ எடுத்து, எட்டு ரூமும் பற்றி எரிந்தால் யார் பொறுப்பு என்று கேட்டேன். நான்காம் நாள் தகரம் அடித்துவிட்டு முணுமுணுத்தார்: “இத்தினி வருஷமா இல்லாத பேஜாரு, நீ வந்து பண்றியேம்மா.”

ஞாயிற்றுக்கிழமை ரீடிங்

எண்ணை வாய்விட்டு இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் பதிவது என் பழக்கம், தப்பு வராது. அடுத்து வந்த ஞாயிறு, எட்டு ரூமிலும் ஆள் இருக்கும் நாளாகப் பார்த்துப் போனேன். எண்ணைச் சொன்னேன், பில் தொகையைச் சொன்னேன், அட்டையில் எழுதி எல்லாருக்கும் தெரிகிற மாதிரி செருகினேன். குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக இருந்தது, மறைக்கவில்லை. அட்டையில் போன ரவுண்டுத் தொகையும் இருந்தது, அதற்குத் தாங்கள் நைனாவிடம் கொடுத்ததை எட்டுப் பேரும் போனை எடுத்துக் கூட்டினார்கள். நைனா வாங்கியது, பில்லைப் போல ஒன்றரை மடங்கு.

அட்டையைக் கைக்குக் கை மாற்றி நைனாவிடம் காட்டினார்கள். கஸ்தூரி தனி மீட்டர் விண்ணப்பத்தை நீட்டினாள், அவள் முன்கூட்டியே வாங்கித் தந்திருந்ததை மற்ற ஏழு பேரும் நீட்டினார்கள். நைனா எட்டுக் கையெழுத்தும் போட்டார். போட்டுவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து வாடகையை ஏற்றப் போவதாக மிரட்டினார். கஸ்தூரி குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு சொன்னாள்: “ஏத்திக்கோ நைனா. அத்த எவ்ளோன்னு எங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லித்தானே ஏத்தணும்.”

அந்தச் சுவரில் இன்று எட்டு மீட்டர்கள் முக்காடு இல்லாமல் ஓடுகின்றன, கஸ்தூரி வீட்டு ஃபேனும் ஓடுகிறது, விடுமுறை நாளில் வேலை பார்த்தது ஏன் என்று ஆபீசிலிருந்து எனக்கு வந்த மெமோவும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.