அக்காவும் இங்கிலாந்து அரசர்களும்

இங்கிலாந்து அரசர்களின் அந்தப்புர வம்புகளில் பரீட்சை வைத்தால் நான் முதல் வகுப்பில் தேறிவிடுவேன். எந்த அரசனுக்கு எத்தனை ஆசைநாயகிகள், யாரை விரட்டிவிட்டு யார் வந்தாள், எந்தப் பிரபுவின் மனைவி எந்தக் கவிஞனோடு போனாள், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்வேன். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் என் வேலைக்கு இதனால் ஒரு பயனும் கிடையாது. அக்காவுக்காகத்தான் படித்தேன்.

அக்கா எங்கள் வீட்டில் மூத்தவள். எங்கள் சாதியில்லாத ஒருவரைக் கட்டிக்கொண்டு லண்டனுக்குப் போனவள். அவள் பெயரை இனி யாரும் எடுக்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். கட்டியவருக்கு எங்கள் வீட்டில் ‘அவன்’ என்பதே பெயர். நான் மட்டும் ஞாயிறு காலைகளில், என் கணவர் கோயிலுக்குப் போன பிறகு, ஒளித்து அவளுக்குத் தொலைபேசி எடுப்பேன். வீட்டுக் கதை தொடங்கினால் இருவரில் ஒருவர் அழுவோம். அதனால் எங்கள் பகுதி நோத்ர-டாம்-த-கிரேஸ் நூலகத்தில் எடுத்த அரச வரலாற்றுப் புத்தகங்களைப் பிடித்துக்கொண்டேன்.

“உன்ர ராசா இந்தக் கிழமை ஆரை வச்சிருக்கிறார்?” என்றுதான் அக்கா தொடங்குவாள். காதலிக்காக முடியைத் துறந்த அரசன் என்றால் அவளுக்கு உயிர். ஊரே நாறும்படி வாழ்ந்துவிட்டு நாட்டைவிட்டுப் போன பிரபுக் கவிஞன் ஒருவன் தன் வாழ்க்கையை எழுதி வைத்திருந்தான். அவன் செத்ததும் நண்பர்களே அதை நெருப்பில் போட்டார்கள் என்று சொன்னபோது, “சிநேகிதரெண்டால் இப்பிடியெல்லோ இருக்கோணும்” என்று சிரித்துப் புரைக்கேறினாள். இருபது வருடம் இப்படியே போனது.

அப்பா டொரண்டோவில் அண்ணை வீட்டில் இறந்தார். மரண அறிவித்தலை நான்தான் எழுதினேன். எங்களில் நன்றாகத் தமிழ் எழுத வருவது எனக்குத்தான். எங்கள் ஆட்களின் அறிவித்தலில் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சகலன் என்று ஒரு கிளை விடாமல், இருக்கிற நாட்டோடு எல்லோரும் வருவார்கள்.

“அவளின்ர பேர் வேண்டாம். அப்பா விரும்பமாட்டார்” என்றார் அண்ணை.

“ஓம் அண்ணை” என்றேன். அவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.

இணையத்தில் வந்த அறிவித்தலை லண்டனில் அக்காவும் பார்த்திருக்கிறாள். அடுத்த ஞாயிறு அவள் தொலைபேசியை எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை.

நான் படிப்பதை நிறுத்தவில்லை. பஸ்ஸில் ஏதாவது ஒரு அரண்மனைக் கூத்தைப் படித்துத் தனியே சிரிப்பேன். இதை அக்காவுக்குச் சொல்லவேண்டும் என்று நினைப்பேன். பிறகுதான் ஞாபகம் வரும். அவளுடைய சிரிப்புக்கு நான் ஏங்கிப்போனேன். அந்தப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் வம்சப் படம் ஒன்று இருக்கும். தள்ளிவைக்கப்பட்டவள், தலை வெட்டப்பட்டவள், வைப்பாட்டிக்குப் பிறந்த பிள்ளை, எல்லோருக்கும் அதில் ஒரு கோடும் ஒரு பெயரும் உண்டு. அந்தப் பக்கம் வந்தாலே எனக்கு வெட்கமாக இருக்கும், புத்தகத்தை மூடிவிடுவேன்.

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலியை எழுதும்போது நான் அண்ணையைக் கேட்கவில்லை. பிள்ளைகள் வரிசையில் முதலாவதாக அக்காவின் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

“ஆரைக் கேட்டுப் போட்டனீ?” என்று அண்ணை தொலைபேசியில் கத்தினார். கத்தட்டும் என்று விட்டேன்.

அந்த ஞாயிறு காலை தொலைபேசி அடித்தது. அக்கா.

“பாத்தன்” என்றாள். “என்ர பேர் கிடக்கு. மருமக்கள் வரியையும் ஒருக்கா வாசி.”

வாசித்தேன். அண்ணி இருந்தாள். என் கணவர் இருந்தார்.

“இத்தனை வருசமா அவரோடை வாழுறன்” என்றாள் அக்கா.

திருத்திவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தனை அரசர்களின் ஆசைநாயகிகளை வரிசையாகச் சொல்லத் தெரிந்த எனக்கு அக்காவின் கணவர் பெயர் தெரியாது. அத்தனை ஞாயிறுகளில் ஒருநாள்கூட நான் அதைக் கேட்டதில்லை.