கூட வர ஓர் ஆள்

எதிர்வீட்டு சுகுமாறன் அண்ணே போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, உறவென்று வந்துபோக யாருமில்லை. துறைமுக வாசலில் வண்டிகள் வரிசையில் நிற்கும்போது கேபினிலேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கிவிடுவார்.

போன வருடம் அவருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. பனடோல் மாத்திரை விழுங்கிவிட்டு ஓட்டினார். ஒருநாள் மூச்சு வாங்கி ஸ்டியரிங்கிலேயே சாய்ந்துவிட்டார். ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். இதய வால்வில் பாக்டீரியா தொற்று.

நான் பாடம் நடத்தும் பள்ளி முடிந்து பார்க்கப் போனேன். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் சந்திரகலா பக்கத்தில் நின்றிருந்தார்.

"அங்கிள், உங்க ரத்தத்துல இருக்கிறது குடல்ல வாழற கிருமி. குடல்ல புற்றுநோய் ஒளிஞ்சிருக்கிறவங்களுக்கு இது இப்படி இதயத்துக்கு வர்றதுண்டு. பின்வழியா குழாய் விட்டு குடலை ஸ்கோப் பண்ணியே ஆகணும். மலத்துல ரத்தம் போகுதா?"

அண்ணே என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். "அது மூல வியாதி லா டாக்டர். இஞ்சின் சூடு. லோரிக்காரனுங்க எல்லாருக்கும் இருக்கும். பார்லி தண்ணி குடிச்சா சரியாயிடும். ஹாரன் அடிக்கலேன்னு வந்தவனோட பின் டயரைக் கழட்டறீங்களே!"

"முன்னாடி எண்ணெய் சொட்டினா, எங்கேருந்து ஒழுகுதுன்னு பார்ப்பீங்களா மாட்டீங்களா?"

அவர் சிரித்துவிட்டார்.

இதயம் தேறி வீடு திரும்பினார். ஸ்கோப் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "பார்த்தாச்சு டீச்சர், ஒண்ணுமில்ல." மறுபடி லோரி ஏறினார்.

தீபாவளிக்கு முறுக்கு கொண்டுவந்தபோது முகம் வெளுத்திருந்தது. தட்டைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"அன்னிக்கு ஸ்கோப்புக்கு நான் போகல, டீச்சர். மயக்க ஊசி போடுவாங்களாம். கூட வர ஆள் இல்லாட்டி செய்ய மாட்டாங்களாம்."

"என்னைக் கேட்டிருக்கலாமே அண்ணே!"

"இந்த மாதிரி விஷயத்துக்கு ஒரு பொம்பளையை எப்படிக் கூப்பிடறது?" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "இப்ப வரீங்களா?" என்றார்.

லீவு போட்டுவிட்டுப் போனேன். கவுண்டரில் இருந்த நர்ஸ் மிஸ்ஸி இருவர் பெயரையும் எழுதினார்: சுகுமாறன், எவலின். "என்ன உறவு?"

அண்ணே தரையைப் பார்த்தார்.

"தங்கச்சி," என்றேன்.

மிஸ்ஸி நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

திரும்பும் வழியில் மயக்கம் பாதி தெளிந்து, கார் கண்ணாடியில் தலை சாய்த்திருந்தார். "தங்கச்சின்னு சொன்னீங்க."

"ஆமாண்ணே."

"சரி," என்றார்.

பெருங்குடலில் புற்றுநோய். அதற்குள் கல்லீரலுக்குப் போயிருந்தது. மருந்துக்குப் போகும்போதெல்லாம் நான்தான் கூடப் போனேன். காரில் எப்போதும் என் ஓட்டுதலைக் குறை சொல்லிக்கொண்டே வருவார்.

மாசி மாதம் அவரை வார்டில் சேர்க்கவேண்டியதாயிற்று. ஒரு காலை, வகுப்பில் இருக்கும்போது மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. "சுகுமாறனோட தங்கச்சிங்களா?"

"ஆமா," என்றேன்.

அதற்குப் பிறகு என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை.