கார்டு வீட்டில் இருக்கு

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திவிடலாம். இதைச் சொல்வதால் எனக்குக் கிடைக்கப்போவது வசைதான். பொய் சொல்லி வசை வாங்க எனக்கென்ன பைத்தியமா?

என் பெயர் பிரதாப். மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களில் வயரிங் வேலை செய்துவந்தேன். படித்துக் கற்ற வேலை இல்லை. கொழும்பில் ஒரு வயரிங்காரருக்கு மூன்று வருடம் பை தூக்கினேன், பார்த்துப் பழகிக்கொண்டேன். லைசன்ஸ் கார்டு கிடையாது. யாராவது கேட்டால் "வீட்டில் இருக்கு" என்பேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. விளக்கு எரிந்தால் போதும், நான் கெட்டிக்காரன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பச்சை வயர். எர்த் என்பார்கள். கரண்ட் கசிந்தால் ஆளை அடிக்காமல் மண்ணுக்குள் இறக்கிவிடுவது அதுதான். அதற்குத் தரையில் ஆழமாகக் கம்பி அடிக்க வேண்டும். எங்கள் மலையில் எங்கே அடித்தாலும் கல். நான் என்ன செய்வேன் தெரியுமா? பச்சை வயரை வெட்டி, நாலு சுற்றுச் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டு, பிளக் பெட்டிக்குள் ஒளித்துவிடுவேன். வெளியே ஒன்றும் தெரியாது.

ஜூன் மாதம் பன்னிரண்டாம் திகதி. மூன்று மாதம் கொழும்பில் ஒரு கட்டட வேலையில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் ஊருக்கு வந்திருந்தேன். பகல் 2.35க்கு ஃபோன் அடித்தது. ஒரு பெண். குரலில் மூச்சு வாங்கியது.

"தம்பி, பிளக்ல ஷொக் அடிக்குது. நாலு மணி பஸ்சுல மக வர்றா. அதுக்கு முந்தி வந்துருங்க."

தோட்டத்தைச் சொன்னாள். ஆறாம் லயம், கடைசிக் காம்பரா, அதாவது கடைசி வீடு. நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். அந்தத் தோட்டத்தில் நான் ஏற்கெனவே மூன்று லயங்களுக்கு வயர் இழுத்திருந்தேன். எந்தக் காம்பரா, யார் வீடு என்பதெல்லாம் யாருக்கு ஞாபகம்? எல்லா லயமும் ஒரே மாதிரித்தானே இருக்கும்.

3.10க்குப் போய்ச் சேர்ந்தேன். பேய் என்றால் இராத்திரிதான் வரும் என்று நானும் நம்பியவன்தான். அப்போது பட்டப்பகல். ஆனால் மூடுபனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. எல்லாரும் கொழுந்தெடுக்கப் போயிருக்க வேண்டும், எல்லாக் கதவும் பூட்டு. கடைசிக் கதவு மட்டும் திறந்திருந்தது.

உள்ளே அவள் நின்றாள். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். தலை நனைந்திருந்தது. வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நின்றாள். அடுப்பு அன்று எரிந்த மாதிரி இல்லை. சுவரில் நாள்காட்டி மே பன்னிரண்டில் நின்றது. கிழிக்க நேரமில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். ஆணியில் ஒரு சின்னப் பிள்ளையின் வெள்ளை யூனிஃபோம் தொங்கியது.

அவள் முதலில் கேட்டது இதுதான்.

"கார்டு இருக்கா தம்பி?"

"வீட்டுல இருக்குக்கா."

"போன தடவையும் அதத்தான் சொன்னீங்க."

வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறாள் என்று சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

3.22. மெயின் சுவிட்சை இறக்கினேன். பிளக் பெட்டியின் ஆணியைக் கழற்றி மூடியை எடுத்தேன்.

உள்ளே பச்சை வயர்.

நாலு சுற்று. ஒரு முடிச்சு.

என் முடிச்சு...

கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க டெஸ்டரை எடுத்தேன். பின்னால் அவள் நின்றாள். பிளேன்டீ டம்ளரை நீட்டினாள். அடுப்பு எரியாத வீட்டில் எங்கிருந்து தேத்தண்ணி? வாங்கத் திரும்பினேன். டெஸ்டரின் நுனி டம்ளரில் பட்டது.

டெஸ்டரின் விளக்கு எரிந்தது.

மெயின் சுவிட்ச் இறங்கித்தான் இருந்தது. மறுபடி திரும்பிப் பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது.

முடி கருகும் நாற்றம் வந்தது.

"பஸ்சு வந்துரும் தம்பி. சரியா செய்ங்க."

நான் பையை விட்டுவிட்டுக் கதவுக்கு ஓடினேன். கதவு மூடியிருந்தது. எப்போது மூடியது? தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

ஒரே அடி. சுவரில் போய் விழுந்தேன். வலது கை தோள் வரை மரத்துப்போனது. 3.41.

அப்போதுதான் புரிந்தது. கரண்ட் கதவில் இருக்கிறது. கதவில்.

அந்தப் பிள்ளை வந்து முதலில் தொடப்போவதும் கதவைத்தான்.

என்னால் சரிசெய்ய முடியவில்லை. எங்கிருந்து கசிகிறது என்று எனக்குத் தெரியாது. தேடத் தெரியாது. கற்றுக்கொள்ளவே இல்லை. இரண்டு வயரைப் பிடுங்கிப் பார்த்தேன். டெஸ்டரைத் தாழ்ப்பாளில் வைத்தேன். எரிந்தது. இன்னொன்றைப் பிடுங்கினேன். எரிந்தது. கண்ணீர் வந்து கண்ணை மறைத்தது.

கீழே வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தது.

பாம்... பாம்...

"தம்பி..."

"எனக்குத் தெரியாதுக்கா. என்கிட்ட கார்டே இல்ல."

வாழ்க்கையில் முதல் தடவையாக அதைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"தெரிஞ்சவங்களக் கூப்பிடுங்க."

மஸ்கெலியாவில் லைசன்ஸ் உள்ள ரிஃகானைக் கூப்பிட்டேன். நான் போகிற இடமெல்லாம் என் வேலையைக் குறை சொல்லித் திரிந்த ஆள். நல்ல வேளை, பக்கத்துத் தோட்டத்தில் வேலையாக இருந்தார். நான் அழுததைக் கேட்டு ஒன்றும் விசாரிக்கவில்லை. எதையும் தொடாமல் இருக்கச் சொன்னார், வருவதாகச் சொன்னார்.

திரும்பிப் பார்த்தேன்.

காம்பராவில் யாரும் இல்லை.

4.03. வெளியே சின்னக் காலடிகள். ஒரு பிள்ளை ஏதோ பாடிக்கொண்டு வந்தது. அதன் கையில் சாவி குலுங்கும் சத்தம்... கதவுக்கு நேரே வந்துவிட்டது...

"தொடாத! கதவத் தொடாத!"

தொண்டை கிழியக் கத்தினேன். பாட்டு நின்றது. ஒரு பெண் அலறினாள். பிறகு மோட்டார் சைக்கிள் சத்தம். ரிஃகானின் குரல், எல்லாரையும் விலகச் சொன்னது.

கதவு திறக்கப் பத்து நிமிடம் ஆனது. பக்கத்துக் காம்பராவிலிருந்து நான் களவாக இழுத்துக்கொடுத்த வயர், கூரைத் தகரத்தில் உரசி உரசித் தோல் கிழிந்திருந்தது. தகரத்திலிருந்து இரும்புக் கதவுச் சட்டத்துக்குக் கரண்ட். பக்கத்து வீட்டிலிருந்து வரும் கரண்டுக்கு இந்த மெயினை இறக்கி என்ன பயன்? ரிஃகான் அதைத் துண்டித்த பிறகுதான் சாவி போட்டார்கள்.

ஆமாம், சாவி. கதவில் வெளியிலிருந்து பூட்டுப் போட்டிருந்தது. துருப்பிடித்த பூட்டு. நான் உள்ளே இருந்தேன்.

எப்படி உள்ளே போனேன் என்று எல்லாரும் கேட்டார்கள். கதவு திறந்திருந்தது என்றுதான் சொன்னேன்.

பிள்ளையின் பெயர் நிலக்ஷி. எட்டு வயது. கூட வந்தவள் அவளுடைய பெரியம்மா. யூனிஃபோமையும் புத்தகங்களையும் எடுத்துப்போக வந்திருந்தார்கள். பெரியம்மா என்னைத் திருடன் என்றே நினைத்தாள். யார் கூப்பிட்டது என்று கேட்டாள். நான் குரலைச் சொன்னேன், நனைந்த தலையைச் சொன்னேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய தங்கை, நிலக்ஷியின் அம்மா நிஷாந்தி, மே பன்னிரண்டாம் திகதி காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, தேத்தண்ணிக்குக் கரண்ட் கேத்தலைத் தொட்டிருக்கிறாள். ஆறரைக்குப் பக்கத்து வீட்டார் பார்த்தபோது உயிர் இல்லை. அன்றிலிருந்து அந்தக் காம்பரா பூட்டித்தான் கிடந்தது.

என்னைக் கூப்பிட்ட நம்பரைக் காட்டினேன். அது நிஷாந்தியின் நம்பர். அந்த ஃபோனை அவளோடு சேர்த்தே குழிக்குள் வைத்துவிட்டார்களாம்.

நான் இப்போது வயரைத் தொடுவதில்லை. ரிஃகானுக்குப் பை தூக்குகிறேன். போகிற வீட்டில் கார்டு கேட்காவிட்டால், கேளுங்கள் என்று நானே சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் அந்தப் பெரியம்மாவிடம் சொல்லவில்லை. அன்றிரவு என் ஃபோனில் பழைய அழைப்புகளைத் தேடிப் பார்த்தேன். மே பன்னிரண்டு. அதே நம்பர். காலை 6.10. 6.14. 6.21.

தெரியாத நம்பர், செய்த வேலையில் யாரோ குறை சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று எடுக்காமல் விட்டிருக்கிறேன். மூன்று தடவையும் நான் விழித்துத்தான் இருந்தேன்.