உவர்த்துறைப் பெண்ணின் மோதிரத் தடம்

கஜேந்திரன் பல் டொக்டர் இல்லை. டொக்டர்மார் அளவெடுத்து அனுப்புகிற அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து கொடுக்கிற ஆள். வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருக்கிற சின்ன லாப்பில் இருபத்திரண்டு வருடமாக அதே மேசை, அதே விளக்கு. மெழுகை உருக்கி ஊற்றி, ஊசி மாதிரிக் கத்தியால் பல்லைச் செதுக்குவான். நாங்கள் வெள்ளை என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போவதில் அவனுக்குப் பதினாறு நிறம் தெரியும்.

பௌஸி அவனிடம் வந்தது ஒரு முன்பல்லுக்காக. புறக்கோட்டையில் கொப்பி, பேனை மொத்தமாக விற்கிற கடைக்காரர். அதற்கு முன் பத்து வருடம் துபாயில் இருந்தவர். பல்லின் நிறம் சரிபார்க்க லாப்புக்கே வந்து உட்கார்ந்திருந்தபோது, மிஞ்சின மெழுகில் கஜேந்திரன் செதுக்கி மேசை ஓரத்தில் வைத்திருந்த மண்டையோடு அவர் கண்ணில் பட்டது. சுண்டுவிரல் நகத்தளவுதான். அதற்குள் முப்பத்திரண்டு பல்லும் இருந்தன.

"மச்சான், இது நீங்க செஞ்சதா?" என்று கேட்டார். பல்லை மறந்துவிட்டார்.

துபாயில் பௌஸி ஒரு விளையாட்டுப் பழகியிருந்தார். பெரிய மேசையைப் போர்க்களமாக அடுக்கி, பெருவிரல் உயரத்தில் வீரர்களை நிறுத்தி, அளவுநாடாவால் தூரம் அளந்து, தாயக்கட்டை உருட்டி விளையாடுகிற யுத்தம். பொம்மைகளும் அவற்றின் உலகமும் எல்லாம் வெளிநாட்டில் இருந்து பெட்டியில் வரும். கஜேந்திரனுக்கு அது பிடித்தது, பெட்டியில் வந்த உலகம் மட்டும் பிடிக்கவில்லை.

"உலகத்தையும் நாங்களே செய்வம்," என்றான்.

அப்படிப் பிறந்ததுதான் உவர்த்துறை. கடல் ஒருமுறை உள்ளே வந்து, முழுதாகத் திரும்பிப் போகாத ஒரு துறைமுக ஊர். மழைக்காலம் வந்தால் மூழ்கிச் செத்தவர்கள் தங்கள் தங்கள் வீட்டு வாசலுக்குத் திரும்பி வருவார்கள். உள்ளே இருக்கிற யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அவர்களால் படி தாண்ட முடியும். வருகிறவர்கள் உவர்ப்படை. பெயர் சொல்லாமல் வாயைக் கட்டிக்கொண்டு காவல் நிற்கிறவர்கள் கதவுக்காரர். விளையாட்டின் சட்டங்களை பௌஸி எழுதினார். உருவங்களைக் கஜேந்திரன் செய்தான். கம்பியில் எலும்பு, பசையில் சதை, பல் அச்செடுக்கிற ரப்பரில் அச்சு. ஹெவ்லொக் டவுனில் பௌஸி வீட்டு மேல்மாடியில் ஞாயிறு காலைகளில் என்னோடு சேர்த்து ஆறு பேர் கூடுவோம். பதினொரு வருடத்தில் கஜேந்திரன் நானூறுக்கு மேல் செய்திருப்பான். அவனை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. அதை அவன் வாயால் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லும்போது தடுத்ததுமில்லை.

வீட்டில், மகள் யதுஷா பேராதனைக்குப் படிக்கப் போன பிறகு அவளுடைய அறை அவனுடைய வேலை அறையாகிவிட்டது. மனைவி சுபாஷினி கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஒபீஸில் வேலை. பின்னேரம் வந்தால் தேத்தண்ணி போட்டு, அவன் மேசையில் ஒன்றை வைத்துவிட்டுத் தன்னுடையதைக் குசினியில் நின்று குடிப்பாள்.

போன வருடம் பங்குனியில் கஜேந்திரன் மழையில் பஸ் படியில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டான். பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் வருடா வருடம் நடக்கிற விளையாட்டுக் கண்காட்சிக்கு ஆறு கிழமை இருந்தது. வர்ணம் பூசப்படாமல் பதினொரு கதவுக்காரர் வரிசையாக நின்றார்கள். அவர்களோடு 'பெயர் கேட்கிறவள்'. மூன்று மாதம் எடுத்துச் செதுக்கிய பெண். வாசலில் நின்று, தன் பெயரை யாராவது சொல்லமாட்டார்களா என்று கையை நீட்டுகிறவள்.

"நான் பூசட்டே?" என்று சுபாஷினி கேட்டாள்.

"நீரோ? இது சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற மாதிரி இல்லை."

"அடி நிறம் மட்டும் பூசிவிடுறன். மிச்சத்தைக் கை சுகமானாப் பிறகு நீங்கள் செய்யுங்கோவன்."

பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான். பிரஷின் நுனியைப் பார், அடிப்பக்கத்தைப் பார்க்காதே. நீர்த்த கறுப்பை விடு, அது தானாகப் பள்ளத்தில் இறங்கும். கதவுக்காரர் பதினொருவரும் பழுதில்லாமல் வந்தார்கள். நல்லது என்று தலையாட்டினான். பிழை விட்டால் திருத்தலாம் என்று காத்திருந்தவனுக்கு வேலை அதிகம் கிடைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பிளாஸ்டரைக் காட்ட கிளினிக்குக்குப் போய் மத்தியானம் திரும்பி வந்தான். பெயர் கேட்கிறவள் ஜன்னல் ஓரம் காய்ந்துகொண்டிருந்தாள். முழுதாகப் பூசி முடிந்திருந்தது.

அவன் உருப்பெருக்கிக் கண்ணாடியை இடது கையால் எடுத்தான். செத்தவர்களை அவன் எப்போதும் சாம்பல் பச்சையில்தான் பூசுவான். இவளுடைய சதையில் மனுச நிறம் இன்னும் மிச்சம் இருந்தது. காது மடலில் கொஞ்சம் சிவப்பு. கீழ் உதட்டில் மட்டும் ஈரப் பளபளப்பு. நீட்டிய கையின் மோதிர விரலில் மயிர்க்கனத்தில் வெளிறிய ஒரு வளையம். மோதிரம் இருந்து கழன்ற இடம்.

உவர்த்துறையில் எந்தத் தெருவில் எத்தனை வாசல் என்று தெரிந்தவன் அவன். இவளுக்கு ஒரு மோதிரம் இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

"எப்பிடி இருக்கு?" சுபாஷினி கதவடியில் நின்றாள்.

"பரவாயில்லை," என்றான். "எங்க பழகினனீர்?"

"பத்துப் பதினொரு வருஷமாத் தேத்தண்ணி வைக்க வரேக்க பாத்தனான் தானே."

கண்காட்சியன்று ஆட்கள் அவர்களுடைய மேசையில் நின்று படமெடுக்கப் போனைக் கிட்டக் கொண்டுபோனது அந்த ஒருத்திக்குத்தான். நடுவராக வந்த சிங்களப் பெண்மணி குனிந்து நீண்ட நேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மேக்க பாட்ட களே கவுத?" இதற்கு நிறம் பூசியது யார் என்று கேட்டார்.

கஜேந்திரன் வாயைத் திறந்தான். அவனுக்குப் பக்கத்தில்தான் சுபாஷினி நின்றாள். "அபி," என்றான். நாங்கள் என்று அர்த்தம்.

அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னேரம் சிறந்த வர்ணத்துக்கான பரிசு கஜேந்திரன் பெயருக்கு வந்தது, பதிவுத்தாளில் அவன் பெயர்தான் இருந்தது. நாடு முழுவதிலும் இருக்கிற விளையாட்டுக்காரரின் வட்ஸ்அப் குழுவுக்கு பௌஸி படம் அனுப்பினபோது கீழே எழுதினார்: 'உருவம் கஜேந்திரன். பூசினது சுபாஷினி.' அதற்குக் கீழே அறுபது பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள். கஜேந்திரன் எல்லாவற்றையும் வாசித்தான். சுபாஷினியைப் புகழ்ந்தவர்களை ஒரு பக்கமும் தன்னைப் புகழ்ந்தவர்களை ஒரு பக்கமுமாக எண்ணினான். தன் பக்கத்துக்கு ஒன்பது பேர்.

அடுத்த ஞாயிறு பௌஸி வீட்டில் பேச்செல்லாம் பெயர் கேட்கிறவளைப் பற்றியே. "அந்த மோதிரம் இருந்த எடத்தப் பாத்தீங்களா? உம்மா, எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சி போச்சி," என்று பௌஸி ஆள் ஆளுக்குக் காட்டினார். கஜேந்திரன் சிரித்துக்கொண்டு இருந்தான். அந்தக் கையை, அந்த விரலை, அந்த நகத்தைச் செதுக்கியது தான் என்று எழும்பிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொன்னால் எப்படி விளங்கும் என்றும் தெரிந்தது.

வைகாசி முடிவில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிளாஸ்டர் கழற்றி இரண்டு கிழமைக்குப் பிறகு, அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பிழையாகப் பூசின உருவங்களின் நிறத்தைக் கழற்ற அவனிடம் ஒரு ஜாம் போத்தலில் ஸ்பிரிட் இருக்கும். பெயர் கேட்கிறவளை எடுத்து அதற்குள் விட்டான். மூடியை மூடினான். முன்னால் உட்கார்ந்து பார்த்தான். முதலில் உதட்டுப் பளபளப்புக் கலங்கியது. பிறகு காதின் சிவப்பு நூலாகப் பிரிந்து மிதந்தது. மோதிரத் தடம் எப்போது போனது என்று அவன் காணவில்லை.

சுபாஷினி வேலையால் வந்ததும், "ஐயோ, ஒரு பிழை நடந்திட்டுது. கழுவ வேண்டியதை எடுக்கிறன் எண்டு உம்மட பொம்மையைப் போட்டுட்டன்," என்றான்.

அவள் போத்தலைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

"சரி," என்றாள். உருவத்தை எடுத்து, பழைய பல்தேய்க்கிற பிரஷால் தேய்த்துக் கழுவி, ஜன்னலில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் வர்ணத்தைத் தொடவில்லை.

கஜேந்திரனுக்கு நிம்மதி வர வேண்டும். வந்தது, நாலைந்து நாளைக்கு. பிறகு பெயர் கேட்கிறவளை அவனே பூச உட்கார்ந்தான். போனில் இருந்த படத்தைப் பெருப்பித்து வைத்து நிறம் நிறமாகக் கலந்தான். பல்லுக்குப் பதினாறு வெள்ளை தெரிந்தவனுக்கு அந்த வளையத்துக்கு ஏற்ற வெள்ளை வரவில்லை. முதல் தடவை அது காயத்துக்குக் கட்டின துணி மாதிரி இருந்தது. திரும்ப ஸ்பிரிட்டில் போட்டான். இரண்டாவது தடவை மோதிரமே போட்டது மாதிரி இருந்தது. மூன்றாவதையும் கழுவினான். ஒவ்வொரு தடவையும் சுபாஷினி தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள்.

ஐப்பசியில் ஒரு விடுமுறைக் காலையில் அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது போய் நின்றான்.

"அது தவறுதலா நடந்ததில்லை," என்றான்.

"தெரியும்."

"எப்பிடி?"

"நீங்கள் ஒரு நாளும் ஒண்டைத் தனியக் கழுவுறேல்லை. பத்துப் பன்னிரண்டு சேர்த்துத்தான் போடுவீங்கள். அண்டைக்குப் போத்திலுக்குள்ள அவள் மட்டும்தான் கிடந்தவள்."

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"கேட்டிருந்தா இன்னொரு பொய் சொல்லியிருப்பீங்கள். அதையும் சேர்த்து வைச்சுக்கொண்டு நான் இந்த வீட்டில இருக்க வேணும்." துருவலை நிறுத்தாமல் சொன்னாள். "எரிச்சலிலதானே செய்தனீங்கள்?"

"ஓம்."

"நல்ல எரிச்சலோ?"

"சரியான எரிச்சல். உமக்கு அது லேசா வந்திட்டுது. எனக்குப் பதினொரு வருஷம்."

அப்போதுதான் அவள் கையை நிறுத்தினாள். "எனக்கும் பதினொரு வருஷம்தான். நகமளவு முகத்தைக் கண்ணாடி வைச்சு வைச்சுப் பாக்கிறீங்கள். நான் மூக்குக்கண்ணாடி மாத்தினதை மூண்டு கிழமைக்குப் பிறகு பௌஸி அண்ணை சொல்லித்தான் கண்டனீங்கள். அந்தப் பொம்மையளில எனக்கு எவ்வளவு கோபம் எண்டு தெரியுமோ? சில நாள் எல்லாத்தையும் வாரி யன்னலால கொட்டுவமோ எண்டு யோசிச்சிருக்கிறன். கொட்டேல்லை."

அவள் இடது கையை உதறித் தேங்காய்ப்பூவைத் தட்டிவிட்டு அவன் முன்னால் நீட்டினாள்.

"இதைப் பாருங்கோ."

மோதிர விரலில் ஒரு பள்ளம், சுற்றிவர வெளிறின கோடு. விரல் வீங்கி இறுகிப்போய், கலியாண மோதிரத்தை நகைக்கடையில் வெட்டி எடுத்ததாம். பெயர் கேட்கிறவளைப் பூசுவதற்கு ஆறு மாதத்துக்கு முன்னம். அவன் அதைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. பூசும்போது தன் கையைப் பார்த்துத்தான் பூசினாள்.

மன்னிப்பு என்ற சொல்லை அவன் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. அதே மாதம் மோதிரத்தைப் பெருப்பித்துக் கொடுக்கச் சொல்லி அவனே நகைக்கடைக்குக் கொண்டுபோனான் என்று தெரியும். பெயர் கேட்கிறவளைத் திரும்பப் பூசித் தருவீரா என்று கேட்டானாம். மாட்டேன் என்றாள். செய்ததைத் திரும்பச் செய்ய அவளுக்கு விருப்பமில்லை. வேறு ஒன்று கேட்டாள்: வேலை அறையில் ஜன்னல் பக்க மேசை, உவர்ப்படை முழுவதும், ஞாயிற்றுக்கிழமை விளையாட ஒரு இடம். கதவுக்காரரை அவனே வைத்துக்கொள்ளட்டும் என்றாள்.

இப்போது அப்படித்தான் நடக்கிறது. அவன் செதுக்குகிறான். அவள் தனக்கு வேண்டியதை எடுத்துப் பூசுகிறாள், சிலதைத் திருப்பித் தருகிறாள். "இந்தாளுக்கு முகம் கிடக்கு, ஆனா ஆரெண்டு தெரியேல்லை," என்பாள். அவனுக்குக் கோபம் வரும். இரண்டு நாள் கழித்து முகத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகச் செய்வான். அவை முந்தியதை விட நன்றாக வருகின்றன என்று பௌஸி சொல்கிறார். இந்த வருடக் கண்காட்சிக்கு இரண்டு தனித்தனிப் பதிவுத்தாள் கொடுத்தார்கள். அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுக்கு இரண்டாம் இடம். யார் பூசியது என்று கேட்டவர்களுக்கு, "இவதான், என்ர மிஸிஸ்," என்று கையைக் காட்டினான். ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்ல அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் சொன்னான்.

போன ஞாயிறு நானும் ஹெவ்லொக் டவுனில் இருந்தேன். அவளுடைய உவர்ப்படை அவனுடைய ஏழு வாசல்களில் ஐந்தைப் பிடித்தது. ஆட்டம் முடிந்து எல்லோரும் கீழே சாப்பிடப் போன பிறகு கஜேந்திரன் மேலேயே நின்றான். அவளுடைய வீரர்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினான்காவதில் நிறுத்தினான். சட்டைக் கைப்பிடியில் ஒரு பொத்தான் பூசாமல் விட்டுப்போயிருந்தது.

என்னிடம் காட்டினான். "அவவிட்டச் சொல்லாதையும்," என்றான்.

கீழே போய் சுபாஷினிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டுக் கொடுத்து, அன்றைக்கு முழுவதும் நல்ல சந்தோஷமாக இருந்தான்.