ஊசி இளைத்த கதை

கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த புதிதில் அவள் இருந்த இருப்பை இன்றைக்குச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். வீட்டுக்குள் போகக் கதவைத் திறக்க வேண்டாம், சாவித் துவாரமே போதும் என்பார்கள். மழை வந்தால் விளக்குக் கம்பத்தின் பின்னால் ஒதுங்கிக்கொள்வாள். ஒரு சொட்டு மேலே படாது. காற்று பலமாக அடிக்கிற நாளில் கையில் ஒரு இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்துத்தான் கடைக்கு அனுப்புவார்கள். வீட்டின் முன்னறையில் தையல் மிஷினைப் போட்டு அவள் உட்கார்ந்த அன்று, எதிர்க்கடை இஸ்திரிக்காரர் எட்டிப் பார்த்து, "மிஷின்ல ஒரு ஊசி, மிஷினுக்குப் பின்னாடி ஒரு ஊசி" என்றார். அதோடு பெற்றவர்கள் வைத்த பெயர் மறந்தே போயிற்று. அவள் புருஷன் தச்சர். நல்ல பலகையாகப் பார்த்து இழைத்து, 'ஊசி தையலகம்' என்று செதுக்கி வாசலில் மாட்டினார்.

அது இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. இப்போது ஊசியின் இடுப்பு முப்பத்தெட்டு அங்குலம். அதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை, மாடிக்கு ஓரகத்தி குடிவரும் வரையில்.

தச்சரின் தம்பி பஸ் ஓட்டுகிறவர். அவர் கட்டிக்கொண்டு வந்தவள் தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறாள். குடும்பத்துக்கு இளையவள் என்பதால் இளையவள் என்றே பெயர். சமையல் எல்லாருக்கும் ஒன்றாகக் கீழே. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வெள்ளைக் கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் சிமெண்ட் தரைக்குப் போய் இறகுப்பந்து ஆடுவாள். ஆடிவிட்டு வந்து உட்கார்ந்தால், வறுத்த உருளைக்கிழங்குச் சட்டி அவள் பக்கமாக நகரும். சட்டி திரும்பி வரும்போது கழுவ வேண்டிய வேலைகூட இருக்காது. ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிறாளா, வெண்ணெய்க்கு ரொட்டி தடவுகிறாளா என்று சந்தேகம் வரும். இவ்வளவும் உள்ளே போய் எங்கே தங்குகிறது? இடுப்பு இருபத்தொன்பது. அளவெடுத்துத் தைக்கிறவள் ஊசிதானே, அவளுக்குத் தெரியாதா?

ஒருநாள் இளையவள் மட்டையைச் சுழற்றிக்கொண்டு தெருவில் வந்தபோது இஸ்திரிக்காரர் சும்மா இருந்திருக்கலாம். "இதோ வருது பாருங்க, இதுதான் ஊசி! ஏம்மா, நீ இனிமே நூல்கண்டு" என்று எதிர்ப்பக்கம் ஊசியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். தெரு சிரித்தது. ஊசியும் கூடச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே போய், ஒரு சட்டைக்குக் கை இருக்க வேண்டிய இடத்தில் கழுத்தையும் கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கையையும் வைத்துத் தைத்தாள்.

அன்றைக்குச் சாப்பாட்டில் அவள் கை ஒரே ஒரு ரொட்டியோடு நின்றுவிட்டது.

"என்னக்கா, பாதியிலயே எழுந்துட்டீங்க?"

"வாயைக் கட்டணும் பாப்பா. உடம்பு இளைக்கிறதெல்லாம் வாயிலதான் இருக்கு."

"அட போங்கக்கா. ஓடியாடி வெளையாடினா கல்லைத் தின்னாலும் கரைஞ்சிடும்."

"நீ எங்கடி ஓடறே? பந்து கீழ விழுந்தா குனிஞ்சு பொறுக்கறே. நான் குண்டூசி விழுந்தாலே குனிஞ்சு பொறுக்கிட்டுதானே இருக்கேன்!"

தச்சருக்கு வேடிக்கை பார்க்க ஆள் அமைந்தால் விடமாட்டார். "சரி, மூணு மாசம். இவ வாயைக் கட்டட்டும், பாப்பா, நீ பந்தை அடி. யாரு அதிகமா இளைக்கிறாங்களோ அவங்கதான் ஊசி. ஏண்டி, நீ தோத்தியோ, 'நூல்கண்டு தையலகம்'னு பலகையை நானே மாத்திச் செதுக்கிடுவேன்" என்றார் மனைவியிடம்.

இளையவளுக்கு இது விளையாட்டு. ஊசிக்கோ வாசல் பலகை. இருபத்தாறு வருஷத்துப் பெயர். பந்தயத்துக்கென்றே மஞ்சள் நிறத்தில் புது டேப் ஒன்று வாங்கினாள். அளவு நோட்டில் இரண்டு பேருக்கும் எழுதினாள்: முப்பத்தெட்டு, இருபத்தொன்பது.

அவள் பட்டினி கிடந்தது உண்மை. தட்டில் விழுந்ததைப் பார்த்தால் குருவிக்கே இரக்கம் வரும். ஆனால் மிஷினுக்குக் கீழே நூல் சுற்றும் பாபின் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு டப்பா இருந்தது. அதில் பிஸ்கட். நின்றுகொண்டு தின்றால் அது சாப்பாட்டில் சேராது என்பது ஊசியின் கட்சி.

பிஸ்கட் தின்ற பயத்தில் உடனே அளந்து பார்ப்பாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. கதவைச் சாத்திக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்து, வயிற்றை முதுகோடு ஒட்ட வைத்து, இரண்டு கையாலும் டேப்பை ஓர் இழுப்பு இழுப்பாள். வடம் இழுக்கிற போட்டியில் எதிரே எட்டு ஆம்பிளைகள் நின்றிருந்தாலும் குப்புற விழுந்திருப்பார்கள்.

ஐந்து மணி ஆனால் கால் தரிக்காது. "ஜிப் வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பி, தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற இருபது நிமிஷத் தூரத்தைப் பன்னிரண்டு நிமிஷத்தில் நடந்து, சுவருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள். இளையவள் எம்பி அடிக்கும்போது இரண்டு காலும் தரையில் இருக்காது. அந்தரத்திலேயே ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு அடிப்பது போலிருக்கும். ஊசி மாடிப்படி ஏறினாலே படிதான் முனகும். இவள் இறங்கும்போது சிமெண்ட் தரைக்குத் தெரியவே தெரியாது. பார்க்கப் பார்க்க வயிற்றுக்குள் யாரோ கரி அடுப்பை ஊதிவிட்டது போல இருக்கும். இளையவள் வீட்டுக்குத் திரும்புவதற்குள் முந்திப் போய் மிஷினில் உட்கார வேண்டும் என்று அங்கிருந்து ஓட்டம். அந்த மாதம் மட்டும் நாற்பது ஜிப் சேர்ந்துவிட்டது.

மாதக் கடைசியில் டேப் முப்பத்தேழு காட்டியது. ஊசிக்குத் தலைகால் புரியவில்லை. அதே கையோடு இளையவளை அளந்தாள். இருபத்தெட்டேகால். தலையும் காலும் இருந்த இடத்துக்கே வந்துவிட்டன.

வறுத்த கிழங்கைத் தின்றுவிட்டு இளைக்கிறாளே! இது என்ன நியாயம்?

மறுநாள் இளையவளின் தபால் நிலையச் சீருடைப் பேண்ட் பொத்தான் தைக்க வந்தது. ஊசி பொத்தானைத் தைத்தாள். தைத்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தாள். இடுப்புப் பட்டியைப் பிரித்து, உள்பக்கமாக அரை அங்குலம் பிடித்து, ஒரு தையல் ஓட்டினாள். அடுத்த வாரம் இன்னொரு பேண்ட்.

பேண்ட் இஸ்திரிக்குப் போயிற்று. இஸ்திரிக்காரர் எதையும் உள்பக்கம் திருப்பிப் போட்டுத் தேய்க்கிறவர். கடையைத் தாண்டிப் போன ஊசியிடம், "நூல் புதுசா இருக்கேம்மா" என்றார்.

"எந்த நூல்?"

"நான் நூலைத்தான் சொன்னேன். எந்த நூல்னு சொல்லலையே."

ஊசி காது கேட்காதவள் மாதிரி நடந்தாள்.

இரண்டாம் மாதத்தில் தெருவே இளைக்க ஆரம்பித்தது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்து பத்து வருஷம் ஆகிறது. அவர், "நோட்டுல இருக்கற பழைய அளவுலயே தைச்சுடு" என்று சொல்லித் தைத்த ஜாக்கெட் தொளதொளவென்று நின்றது. "நான் இளைச்சுட்டேனாடி!" என்று டீச்சர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மருந்துக் கடைக்காரருக்குச் சட்டை லூஸ். பால்காரருக்குப் பேண்ட் நழுவியது. ஊசியிடம் தைத்தால் உடம்பு இறங்குகிறதாம் என்று பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் துணி வந்தது. ஊசிக்கு மட்டும் ஒவ்வொரு புது அளவும் முள்ளாகக் குத்தியது. ஊரே தின்றுவிட்டு இளைக்கிறது, நான் ஒருத்தி காய்ந்து கிடக்கிறேனே என்று புகைந்தாள்.

மூன்றாம் மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெட்டுமேசையைச் சுற்றித் தச்சர், இளையவள், தீர்ப்புச் சொல்லத் தானாகவே வந்துவிட்ட இஸ்திரிக்காரர்.

ஊசி முப்பத்தைந்தரை. இளையவள் இருபத்தேழு.

"ரெண்டரை இஞ்ச்! அவ ரெண்டுதான்! பலகை எனக்கு!" என்று ஊசி குதித்த குதியில் மிஷின் தானாக நாலு தையல் ஓட்டியது.

தச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "கண்ணுக்கு நீ அப்படியேதானே இருக்கே?"

"உங்க கண்ணு அப்படி. கட்டின பொண்டாட்டி இளைச்சா உங்களுக்கே பொறுக்கலை."

தச்சருக்குத் துணி டேப்பில் நம்பிக்கை கிடையாது. தன் இரும்பு டேப்பை இழுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்தில் மஞ்சள் டேப்பை நீட்டினார். அதன் முப்பத்தாறு, இரும்பு டேப்பின் முப்பத்தெட்டில் போய் நின்றது.

உடம்பையும் துணியையும் அதே டேப்பால் அளந்து வெட்டியதால் தைத்ததெல்லாம் சரியாகவே பொருந்தியிருக்கிறது. நோட்டிலிருந்த பழைய அளவில் தைக்கச் சொன்னவர்கள் மட்டும் இளைத்துப்போயிருக்கிறார்கள்.

"இப்படி ஒரு இழுப்பா இழுத்தே?" என்றார் தச்சர். ஒரு நாடாவை இருவர் இடுப்பிலும் சுற்ற வைத்து, அதை இரும்பு டேப்பில் வைத்து அளந்தார். ஊசி முப்பத்தேழரை. இளையவள் இருபத்தெட்டரை. ஆளுக்கு அரை அங்குலம்.

"அரையாவது குறைஞ்சுதே" என்று இளையவள் பெருமூச்சு விட்டாள். "சொல்ல வெக்கமா இருக்குக்கா. ரெண்டு மாசமா சீருடை இடுப்புல இறுக்குது. பந்து அடிச்சும் பெருத்துட்டே போறோமேன்னு பயந்துட்டேன். மத்தியான டப்பாவை அப்படியே பக்கத்து சீட்டுக்குத் தள்ளிவிட்டுட்டு வெறும் தண்ணியைக் குடிச்சேன். நீங்க உக்காந்த இடத்துலயே இளைக்கிறீங்க. எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமா?"

"ஆக இவ வாயைக் கட்டி இளைச்சிருக்கா" என்று தச்சர் மனைவி பக்கம் திரும்பினார். "நீ எப்படி இளைச்சே? அந்தப் பிஸ்கட் டப்பா எனக்குத் தெரியாதா?"

"நான் சொல்றேன்" என்றார் இஸ்திரிக்காரர். "தெனமும் அஞ்சு மணிக்குப் போறப்ப நடை, வர்றப்ப ஓட்டம். வெளையாடினது அந்தப் பொண்ணு, ஓடினது இந்தம்மா. இன்னொண்ணும் சொல்லணும், அந்த சீருடை…"

"நான் தோத்துட்டேன்!" என்று ஊசி கத்தினாள். எல்லாரும் திரும்பினார்கள். "என் டேப்பு, என் தப்பு. பேரு பாப்பாவுக்குத்தான். பலகையை இன்னைக்கே மாத்திடுங்க."

"சீருடை தேய்ச்சு வச்சிருக்கேன், வந்து வாங்கிக்கம்மான்னு சொல்ல வந்தேன்" என்று முடித்தார் இஸ்திரிக்காரர். அவர் மீசை சிரித்தது.

பலகை மாறியது. அடுத்த வாரம் பேண்ட் இரண்டும் எதற்கோ தையலுக்கு வந்தபோது ஊசி கதவைச் சாத்திக்கொண்டு, உள்தையலை ஒன்றொன்றாகப் பிரித்தாள். பாவத்தைப் பிரித்துவிட்ட நிம்மதி அவளுக்கு ஒரு நாள் இருந்தது.

மறுநாள் மாடிப்படியில் தடதடவென்று சத்தம். "அக்கா! பேண்ட் லூசாயிடுச்சு! இங்க பாருங்க, விரல் போகுது! இனிமே கவலையே இல்லைக்கா." இளையவள் வந்த வேகத்தில் உட்கார்ந்து கிழங்குச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டு மாதப் பசி அது. சட்டியில் நிழல்கூட மிஞ்சவில்லை.

"ஆமா பாப்பா, நல்லாவே இளைச்சுட்டே" என்றாள் ஊசி. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு நாற்பது பல் வேண்டியிருந்தது, கடித்துக்கொள்ள.

பிறகு முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். புதிதாக வாங்கிய பச்சை டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றினாள். மூச்சை உள்ளே இழுத்தாள்.