கவசத்தின் விளிம்பு

எதைக் கண்டாலும் கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது என் வழக்கம். சாப்பாட்டுக் கடை மேசை, அடுத்தவர் காடியின், அதாவது காரின், கதவு, கல்யாண மண்டபத்துத் தூண் எதையும் விடமாட்டேன். விழுந்த பள்ளம் மெதுவாக எழும்பி வந்தால் அது ஃபோம். எழும்பாவிட்டால் வேறு ஏதோ. "ஒருநாளைக்கு யாராச்சும் அந்த விரல ஒடைக்கப் போறாங்க" என்று என் கணவர் சொல்லிக்கொண்டே இருப்பார். விரலுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

பிழைப்புக்கு ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கின் பின்னறையில் பொய்ப்பல் செய்கிறேன். அச்சு எடுப்பது, பிளாஸ்டர் ஊற்றுவது, இழைப்பது எல்லாம் இருபது வருடமாகக் கைக்குப் பழக்கம். வீட்டில் செய்வது வேறு. மகள் படித்துக்கொண்டிருந்தபோது கதைப் பாத்திரங்கள்போல் வேடமணிகிறவர்கள் கூடும் கண்காட்சிக்கு ஒரு போர்க்கவசம் வேண்டும் என்றாள். செய்துகொடுத்தேன். அவள் ஒருநாள் போட்டுக்கொண்டு படம் எடுத்து, வேலைக்குப் போய், அதை மறந்தே போனாள். ஆசை எனக்குத்தான் தொற்றிக்கொண்டது. குழந்தைகள் தவழ விரிக்கிற ஃபோம் பாயை வாங்கி, வெட்டி, சூடான காற்று ஊதும் ஹீட் கன்னால் வாட்டி, முழங்காலில் வைத்து வளைத்தால் அது தோள்கவசம் ஆகிவிடும். மூலைகளைக் காலணிக்காரர்கள் பூசும் மஞ்சள் பசையால் ஒட்டுவேன். புந்தோங்கில் எங்கள் வீட்டு கார் போர்ச்சில் காடி நிற்க இடமில்லை. எந்த நாட்டுக்கும் சேராத நாலைந்து படைவீரர்கள் தலையில்லாமல் நின்றுகொண்டிருப்பார்கள்.

உருவம் என்னுடையது, மினுக்கம் என் கொழுந்தனுடையது. என் கணவரின் தம்பி அவன். சிம்பாங் பூலாயில் ஒரு பட்டறையில் காடிகளுக்குச் சாயம் அடிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் ஃபோமுக்கு முதலில் பளபளக்கும் கறுப்பு அடித்து, அது காய்ந்ததும் வெள்ளித் தூளைப் பழைய பனியனில் தொட்டுத் தேய்ப்பான். தேய்க்கத் தேய்க்க இரும்பு வந்து நிற்கும். ஒரு கண்காட்சியில் நாங்கள் செய்த மார்க்கவசத்தை ஒரு பெரிய மனிதர் இரண்டு கையாலும் மூச்சைப் பிடித்துத் தூக்கப் போய், கனமே இல்லாததால் பின்னால் சாய்ந்துவிட்டார். நானும் கொழுந்தனும் அன்று சிரித்த சிரிப்பு ஒரு வாரம் நின்றது. "அண்ணி செஞ்சா அசல்லா" என்று எல்லோரிடமும் சொல்வான். எனக்குப் பெருமை தாங்காது.

பெருமை வந்தால் எனக்கு வாய் நிற்காது. ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவர்கள் கவசங்களைத் தொட்டுப் பார்த்து எதனால் செய்தது என்று கேட்டபோது, "ஜப்பான் சிலிப்பர் செய்ற அதே சாமான்தான்" என்று சத்தமாகச் சொன்னேன். வந்தவர்களில் எங்கள் தோட்டத்துக் கோயில் தலைவரும் இருந்தார். "அப்ப சிலிப்பர நெஞ்சுல மாட்டிக்கிட்டா சண்டைக்குப் போறாங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கொழுந்தன் மட்டும் சிரிக்கவில்லை. அதை அன்றே குறித்து வைத்துக்கொண்டேன். அர்த்தம்தான் அப்போது தெரியவில்லை.

தோட்டம் என்கிறேனே தவிர, தோட்டம் இப்போது இல்லை. சுங்கை சிப்புட்டுக்கு வெளியே இருந்த ரப்பர் பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது, நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். அம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது. தோட்டத்தை மூடியபோது, ஆளுக்கொரு பக்கம் போவதற்கு முன், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு வெள்ளிச் சாமான் கொடுத்தார்கள். கொலுசு, அரைஞாண், குழந்தைகளின் காப்பு. என் மாமியார் தன் கால் கொலுசைக் கழற்றிக் கொடுத்தாராம். எல்லாவற்றையும் உருக்கி அம்மனுக்கு ஒரு மார்க்கவசம் செய்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவன்று அதைக் கட்டுவதற்கு முன், வெள்ளி கொடுத்த குடும்பங்கள் வரிசையாக வந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். என் மாமியார் இப்போது இல்லை. அந்தக் கவசத்தைத் தொடும்போதெல்லாம் என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார்.

மற்ற நாட்களில் கவசம் ஒரு இரும்புப் பெட்டியில் இருக்கும். பெட்டி கொழுந்தன் வீட்டில், சாவி அவன் இடுப்பில். அவனிடம் இருந்தால் பத்திரம் என்று ஊரே கூடி ஒப்படைத்தது.

போன வருடம் திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, வளைவான ஒரு சாமான்மேல் கறை படியாமல் அச்சு எடுப்பது எப்படி என்று கேட்டான். சாப்பாடு மூடுகிற மெல்லிய பிளாஸ்டிக்கைச் சுற்றிவிட்டு, அதன்மேல் பிளாஸ்டர் நனைத்த துணியைப் போடச் சொன்னேன். "என்ன சாமான் தம்பி?" என்றேன். "சும்மாதான் அண்ணி, ஒரு கஸ்டமரு" என்றான். அடுத்த வாரம் மெல்லிய கறுப்பு ஃபோம் ஒரு தகடு கேட்டான். அதற்கடுத்த வாரம் ஹீட் கன்னும் மஞ்சள் பசையும். எதற்கு என்று கேட்டால் சும்மா, சும்மா. இரண்டு ஞாயிற்றுக்கிழமை சாயமடிக்க வரவில்லை. காடிக்குச் சாயம் அடிக்கிறவனுக்கு ஃபோம் எதற்கு? நான் பல்செட்டுக்காரி. ஒரு பல்லை வைத்து முழுவாயையும் கட்டிவிடுவேன். அச்சு எடுக்கிறான், ஃபோமில் வளைக்கிறான், வெள்ளிபோல மினுக்குவதோ அவனுக்குக் கைவந்த கலை. பெட்டிச் சாவியும் அவனிடம்தான். வெள்ளியை எடுத்துக்கொண்டு போலியை வைக்கப் பார்க்கிறான் என்று தோன்றியது.

கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார்.

"என் தம்பி எங்கம்மா கொலுச வித்துட்டான்னு சொல்றியா?"

"விக்கலன்னா ஏன் மறைக்கணும்?"

"ஒனக்கு எல்லாமே போலியாதான் தெரியும். செய்றது போலி, அதான்."

அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. நான் சொன்னது சரி என்று காட்டியே தீருவது என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். மாமியாரின் கொலுசுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் கோபம் கணவர்மேல்.

திருவிழா நாளில் மத்தியானப் பூசைக்கு முன்னால் கொழுந்தன் பெட்டியைத் திறந்தான். வருடா வருடம் கவசத்தைக் கல் பீடத்தில் வைக்கும்போது 'கணீர்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்கே பெண்கள் குலவையிடுவார்கள். அன்று சத்தமே இல்லை. துணி மூட்டையை வைத்தாற்போல வைத்தான். பெண்கள் ஒரு கணம் தடுமாறி, பிறகு குலவையிட்டார்கள். மேளம் பலமாக இருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வரிசையில் போகப் போகப் பார்த்துக்கொண்டே போனேன். இடது தோள்பக்கம் ஒரு கோடு. ஃபோமை ஒட்டி, மேலே பிளவை அடைக்கும் புட்டிப் பசையை வைத்துத் தேய்த்துச் சாயம் அடித்தால் வருமே, அதே கோடு. எனக்குத் தெரியாதா? ஃபோமில் அந்த வேலையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். விளிம்பு வேறு தடித்திருந்தது. வெள்ளித் தகட்டின் விளிம்பு கறுப்பாகவா இருக்கும்?

என் முறை வந்தது. குனிந்து தொடுவதுபோல் விளிம்பில் நகத்தை வைத்து அழுத்தினேன். அமுங்கியது. விரலை எடுத்தேன். பள்ளம் மெதுவாக மேலே எழும்பி வந்தது.

"இது வெள்ளி இல்ல!" என்று கத்தினேன். "தொட்டுப் பாருங்க, இது ஃபோம்! நம்ம வெள்ளிய எங்க கொண்டு போனான்னு கேளுங்க!"

மேளம் நின்றது. என் கணவர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் உதறினேன். கொழுந்தன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன், 'அண்ணியா, நீங்களா' என்று கேட்பதுபோல் பார்த்தான்.

பூசாரி இரண்டு கையாலும் கவசத்தைத் தூக்கித் திருப்பினார். அது வெள்ளிதான். கனமாக, முழுசாக, மாமியாரின் கொலுசும் மற்றவர்களின் காப்பும் கலந்த அதே வெள்ளி. அதன் உள்பக்கம் முழுக்க என் கறுப்பு ஃபோமைக் கச்சிதமாக வெட்டி ஒட்டியிருந்தான். அம்மன் சிலைமேல் அச்சு எடுத்து, அந்த வளைவுக்கு ஏற்ற மெத்தை செய்திருந்தான். விளிம்பில் நகத்தளவுக்கு அது வெளியே எட்டிப் பார்த்தது. நான் அழுத்தியது அதைத்தான். நடுவில் அழுத்தியிருந்தால் எனக்கே விளங்கியிருக்கும். சந்தேகப்பட்டவள், சந்தேகத்துக்குத் தோதான இடமாகப் பார்த்து அழுத்தினேன்.

"இழுத்துக் கட்டுறப்ப கல்லுல ஒரசி ஒரசி தோள்பட்ட வெடிச்சிருச்சு" என்றான் கொழுந்தன். "அதான் உள்ள மெத்த வச்சேன். வெடிப்பு மேல கொஞ்சம் புட்டி. வேற ஒண்ணும் இல்ல."

"ஆசாரிகிட்ட குடுத்திருக்கலாமே" என்றார் யாரோ.

"உருக்கக் குடுத்தா நம்ம வெள்ளிதான் திரும்பி வரும்னு எப்படிச் சொல்றது? எங்கம்மா கொலுசு இருக்குலா இதுல."

அத்தோடு முடிந்திருக்கும். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டு மேளத்தை அடிக்கச் சொல்லியிருப்பார்கள். ஆனால் கோயில் தலைவர் குனிந்து அந்தக் கறுப்பு மெத்தையை விரலால் நசுக்கிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, தீவாளிக்குச் சொன்னியே. இது அந்தச் சிலிப்பர் சாமானா?"

காலில் போடுகிற செருப்பைச் செய்யும் சாமான், அம்மன் மார்பில். கூட்டத்தில் ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அவன் ஏன் அத்தனை தடவை சும்மா, சும்மா என்றான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது இன்னது என்று ஊருக்கே தம்பட்டம் அடித்தவள் நான். என்னிடம் சொன்னால் இன்னொரு தீபாவளியில் இதையும் அடிப்பேன் என்று அவனுக்குத் தெரியும்.

இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். பல்லுக்குக் கீழே வைக்கிற மருத்துவச் சாமான் என்று சொன்னால் நம்பியிருப்பார்கள், என் வேலை அப்படி. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பொய் என் நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் கொழுந்தன், "ஆமா, அதேதான்" என்றான்.

அங்கேயே மெத்தையைப் பிய்த்தார்கள். என் பசை நன்றாகப் பிடித்திருந்ததால் சுரண்டிச் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. கவசத்தை மஞ்சள் தண்ணீரில் கழுவி, மந்திரம் சொல்லி, வெறும் கல்மேல் இறுக்கிக் கட்டினார்கள். இந்தத் தடவை 'கணீர்' என்று கேட்டது, பெண்கள் குலவையிட்டார்கள். சாவியைக் கொழுந்தன் தானே இடுப்பிலிருந்து கழற்றி, இலையில் வைத்துத் தலைவரிடம் நீட்டினான். சோறு சாப்பிடாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் சாப்பிட உட்கார்ந்து, இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அண்ணி" என்றான். அவன் மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வரவில்லை. கார் போர்ச்சில் என் வீரர்கள் இன்னும் கறுப்பாகவே நிற்கிறார்கள். நானே வெள்ளித் தூளைத் தேய்த்துப் பார்த்தேன். சட்டியில் சாம்பலைப் பூசினாற்போல இருந்தது. கணவர் என்னிடம் பேசுகிறார், சண்டை போடுகிறார், எல்லாம் உண்டு. தம்பி பேச்சை மட்டும் எடுப்பதில்லை.

அன்றைக்கு வெறும் கல்லில் இறுக்கிக் கட்டியதில் தோள்பட்டை வெடிப்பு மார்புவரை ஓடிவிட்டது. சாவியை வாங்கிக்கொண்ட தலைவர் கவசத்தை எங்கோ உருக்கக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டோம். எங்கே, யார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. கேட்கிற வாய் எனக்கு இனி இல்லை.

இந்த வருடத் திருவிழாவில் புதுக் கவசம் வந்தது. வழவழவென்று, கோடு இல்லாமல், கண் கூசும்படி இருந்தது. எல்லோரும் அழகு அழகு என்றார்கள். என் கண்ணுக்கு அந்த வெளுப்பு சரியாகப் படவில்லை. பழையது கொஞ்சம் மங்கல், கொஞ்சம் நீலம். இது வேறு வெள்ளி மாதிரி இருந்தது. அல்லது நான்தான் அப்படிப் பார்க்கிறேனோ என்னவோ. என் கணவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணை மூடவில்லை, உடனே நகர்ந்துவிட்டார்.

என் முறை வந்தபோது உள்ளங்கையால் மட்டும் தொட்டேன். கட்டைவிரலை மடக்கி வைத்துக்கொண்டேன். வரிசையில் எனக்குப் பின்னால் கொழுந்தன் நின்றிருந்தான். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவனாக என்னிடம் பேசினான், யாருக்கும் கேட்காத குரலில்.

"என்ன அண்ணி, இத அழுத்திப் பாக்கலியா?"