முறுக்கும் முடிச்சும்

பக்கவாதம் வந்து என் மனைவியின் வலது கை விரல்கள் சொன்னபடி கேட்காமல் போனபோது, பிசியோதெரபி செய்பவர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து தினமும் பிசையச் சொன்னார். மறுநாளே அவள் அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டாள்.

"பந்து வெச்சிகினு விளையாட நான் இன்னா கொழந்தையா? பக்கத்து வூட்டுல பட்டு நூல் துண்டு கெடக்கும், வாங்கினு வாங்க."

நாங்கள் இருப்பது ஆரணியில் தறிச் சத்தம் ஓயாத தெரு. என் அப்பா குமாஸ்தா. நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். தறி தெரிந்தவள் அவள்தான். பிறந்த வீட்டில் பாவு பிணைத்தவள். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீரும்போது அதன் ஒவ்வோர் இழையோடும் புதுப்பாவின் இழையைச் சேர்க்க வேண்டும். விரலில் சாம்பல் தொட்டு இரண்டையும் ஒன்றாக முறுக்குவார்கள். முடிச்சுப் போடக் கூடாது. போட்டால் அது சீப்பு போன்ற அச்சில் சிக்கி இழை அறுந்துபோகும்.

அந்த முறுக்கையே அவள் பயிற்சியாக எடுத்துக்கொண்டாள். ஜன்னல் கம்பியின் உச்சியில் முதல் துண்டை நான் கட்டிவிட்டேன். தினமும் காபி குடித்ததும் அதன் கீழ்நுனியில் ஒரு துண்டை முறுக்கிச் சேர்ப்பாள். பக்கத்து வீட்டுத் தறியில் என்ன புடவை ஓடுகிறதோ அதுதான் அன்றைய நிறம். அரக்கு சில நாள், மயில் கழுத்து சில நாள், பிறகு மாம்பழ மஞ்சள். நூல் தரையைத் தொட்டால் மடித்து மறுபடி கம்பியில் போடுவேன். பந்துக்கு ஒரு நாள் கூடத் தராத பொறுமையை ஒரு நூலுக்கு எப்படித் தருகிறாள் என்று வியப்பாக இருந்தது. நாளை என்ன நிறமோ என்று நானே காத்திருந்தேன்.

அவளுக்கு ஓர் இலக்கு இருந்தது. போளூரில் அவள் தம்பியின் பேத்திக்குக் கல்யாணம். நோய் வந்ததிலிருந்து அவளுக்குப் பிறர்தான் புடவை கட்டிவிட்டார்கள். "அன்னிக்கு நானே கட்டிகினு வருவேன், பாருங்க" என்றாள்.

ஒரு மதியம் அவள் தூங்கும்போது ஃபேன் காற்றில் ஒரு முறுக்கு பிரிந்து நூல் கீழே விழுந்தது. எடுத்து முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டேன். அதன்பின் விழுந்தபோதெல்லாம் அதையே செய்தேன். அவளுக்காகச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவள் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. மேலே இருந்த முடிச்சுகள் அவள் கைக்கு எட்டாது. நூல் அறாமல் நிற்கிறது என்று அவள் நம்பினாள்.

கல்யாணத்தன்று கதவைச் சாத்திக்கொண்டு அவளே பட்டுப்புடவை கட்டினாள். பந்தியில் சாப்பிட்டு எழுந்தபோது கொசுவம் மொத்தமும் சரிந்தது. தம்பி மனைவி ஓடிவந்து பிடித்துக்கொண்டு சிரித்தாள்: "இன்னா அண்ணி, ஆரணிக்காரிக்கே பட்டு நிக்கலியா?"

அவளும் சிரித்தாள். திரும்பும் பஸ்ஸில் கொசுவத்தை இடது கையால் பிடித்தபடியே வந்தாள். அடுத்த நாள் காபி ஆயிற்று, நூலைத் தொடவில்லை. அதற்கு அடுத்த நாளும் தொடவில்லை. பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்:

"நூல் நிக்குது. கை நிக்கலியே. எப்படிங்க?"

வகுப்பில் ஒருவரும் என்னை இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் செய்ததைச் சொன்னேன்.

"கழட்டி எடுத்துகினு வாங்க."

கண்ணை மூடிக்கொண்டு நூலை இடது கை விரல்களுக்கு நடுவில் விட்டு இழுத்தாள். "இங்க ஒண்ணு. இங்க. இதோ இன்னொண்ணு. இன்னாங்க இது, கரணைக்கிழங்கு மாதிரி! வுழுந்தா வுழுந்துச்சின்னு சொல்றதுக்கு இன்னா? சொல்லியிருந்தா பேசாம வேற யார் கையாலயாச்சும் கட்டிகினு போயிருப்பேன்ல?"

விரல்கள் மயில் கழுத்தைக் கடந்தன. மாம்பழ மஞ்சளில் மெதுவாயின.

"இங்க நீங்க தொடலியா?"

"இல்ல."

"நெஜமா?"

"அங்க முறுக்கு பிரியல."

மறுபடி அதே இடத்தைத் தடவினாள். நானும் தடவிப் பார்த்தேன். அரக்கில் வரிசையாக முண்டு. மயில் கழுத்தில் அங்கொன்று இங்கொன்று. மஞ்சளில் தேடினால்தான் கிடைத்தது. அவளிடம் மறைக்க நான் போட்ட முடிச்சுகள், எங்கெங்கே விரல் தோற்றது என்று ஒன்று விடாமல் குறித்து வைத்திருந்தன.

"கை வந்துகினுதான் இருக்குது. நான்தான் ஜல்தி பண்ணிட்டேன்" என்றாள்.

"முடிச்செல்லாம் அவுத்துடட்டுமா?"

"வேணாம், இருக்கட்டும். இனிமே வுழுந்தா அங்கியே கெடக்கணும்."

இப்போது காலையில் எழுந்ததும் என் கண் முதலில் தரைக்குத்தான் போகிறது. இன்று ஜன்னலடியில் ஒரு சிவப்பு நூல் துண்டு கிடந்தது. நான் குனியவில்லை.

"ஏங்க, கீழ எதனா கெடக்குதா?" வாசலிலிருந்து அவள் குரல் வந்தது.

"நேத்து முறுக்கினது."

"அப்போ சாம்பல் எடுத்துகினு வாங்க."